இரவு இரண்டு மணி சாம்பிளை யார் எடுப்பது?

வாசகர் கடிதம், சுருக்கமாக:

"மேடம், எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி. முனைவர் பட்டம் முடித்து, எட்டு மாதமாக பெங்களூரில் ஒரு ஆய்வு நிறுவனத்தில் போஸ்ட்டாக், அதாவது பட்டத்துக்குப் பிந்தைய ஒப்பந்த ஆய்வாளராக இருக்கிறேன். கர்ப்பமான சுண்டெலிகளுக்கு காட்மியம் என்ற நச்சு உலோகமும் பி.பி.ஏ. என்ற பிளாஸ்டிக் வேதிப்பொருளும் கொடுத்து, நஞ்சுக்கொடியில் உடல் கடிகார ஜீன்கள் எப்படி மாறுகின்றன என்று பார்ப்பதுதான் என் வேலை. மாதம் இரண்டு முறை 24 மணி நேரச் சுற்று இருக்கும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சாம்பிள் எடுக்க வேண்டும், மொத்தம் ஆறு டைம் பாயின்ட். பெரும்பாலும் நான் ஒருத்திதான் எடுக்கிறேன். இப்போது நான் ஏழு வாரம் கர்ப்பம். தெரிவதற்கு முன்பே இரண்டு சுற்று முடித்துவிட்டேன், காட்மியக் கரைசலையும் நானே தயாரித்தேன். குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்குமா? ஆய்வகத் தலைவரான பி.ஐ.யிடம் இன்னும் சொல்லவில்லை. மார்ச்சில் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும் என்பதால் பயமாக இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வா என்று அம்மா தினமும் போனில் சொல்கிறார். தூக்கமும் வரவில்லை. இந்தத் துறையையே விட்டுவிடலாமா என்றும் தோன்றுகிறது. அடுத்த சுற்று வருகிற வியாழக்கிழமை."

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே மூன்று வரியில் பதில் அனுப்பியிருந்தேன். வியாழக்கிழமை சுற்றுக்குப் போகாதீர்கள், காட்மியம் பாட்டிலைத் தொடாதீர்கள், பி.ஐ.யிடம் இந்த வாரமே சொல்லுங்கள். அதற்கான காரணங்களை இங்கே விரிவாக எழுதுகிறேன். உங்களைப் போலவே சொல்லாமல் உள்ளுக்குள் வைத்துக்கொண்டு வேலை செய்யும் பெண்கள் ஆய்வகங்களில் நிறைய பேர் இருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன்.

முதலில், ஏற்கெனவே நடந்தது பற்றி. காட்மியம் குளோரைடு ஆவியாகி மூக்கில் ஏறும் பொருள் அல்ல. தோல் வழியாக உள்ளே போவதும் மிகக் குறைவு. ஆபத்து அதன் தூளில்தான் இருக்கிறது. தராசில் நிறுக்கும்போது பறக்கும் நுண்தூசியைச் சுவாசிப்பதும், கை கழுவாமல் பிஸ்கட்டை எடுத்து வாயில் போடுவதும்தான் உடலுக்குள் போகும் முக்கிய வழிகள். எனவே நீங்களே யோசித்துப் பாருங்கள். தூளை நிறுத்தீர்களா, இல்லை ஏற்கெனவே கரைத்து வைத்த ஸ்டாக்கை நீர்க்கச் செய்தீர்களா? காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட்டுக்குள் வைத்துச் செய்தீர்களா? கையுறை, முகக்கவசம் இருந்ததா? கரைசலைக் கையுறையோடு நீர்க்கச் செய்தது மட்டும்தான் என்றால், உங்கள் உடலுக்குள் போயிருக்கக்கூடிய அளவு மிகச் சிறியது. தூளைத் திறந்த மேசையில் நிறுத்திருந்தால், மகப்பேறு மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தில் காட்மியம் அளவு பாருங்கள். சமீபத்தில் உள்ளே போனதை ரத்தம் காட்டும், பல ஆண்டுகளாகச் சேர்ந்ததைச் சிறுநீர் காட்டும்.

பி.பி.ஏ. வேறு வகை. உடலில் அதன் பாதி சில மணி நேரத்திலேயே வெளியேறிவிடும், ஏறக்குறைய ஒரு நாளில் போய்விடும். நிறுத்தினால் நின்றுவிடும் என்பது அதில் உள்ள ஆறுதல். காட்மியத்தில் அந்த ஆறுதல் இல்லை. சிறுநீரகத்தில் ஒட்டிக்கொண்டால் பத்து, இருபது ஆண்டுகள் கூட அங்கேயே இருக்கும். நஞ்சுக்கொடியிலும் சேரும். நம் ஊர்ப் பாட்டிகள் பிரசவம் பார்க்கும்போது "நஞ்சு விழுந்துச்சா?" என்று கேட்பார்கள் அல்லவா, அந்தச் சொல்லை நினைக்காமல் இந்த ஆய்வுகளை என்னால் படிக்க முடிந்ததில்லை. காட்மியத்தின் பெரும்பகுதியைக் குழந்தைக்கு விடாமல் நஞ்சுக்கொடி தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆனால் அதற்கு விலை உண்டு, குழந்தைக்குப் போக வேண்டிய துத்தநாகமும் அங்கே தடைபடும். ஆகவே இனி ஒரு துளியும் வேண்டாம் என்கிறேன்.

இன்னொரு விஷயமும் இதோடு சேர்ந்தது. இரும்புச்சத்து குறைந்த உடல், உணவிலிருந்து காட்மியத்தை அதிகமாக உறிஞ்சும். இரும்பை உள்ளே எடுத்துச் செல்லும் அதே வழியில் காட்மியமும் ஏறிக்கொள்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேல், 52 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உங்கள் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று எழுதவில்லை. இந்த வாரமே பாருங்கள். மருத்துவர் கொடுக்கும் இரும்பு மாத்திரையைக் குமட்டுகிறது என்று ஒதுக்கி வைக்காதீர்கள்.

சரி, இரவு விழிப்புக்கு வருவோம். நீங்கள் பயந்துபோய்ப் படித்திருக்கக்கூடிய டென்மார்க் ஆய்வு 2019-இல் வந்தது. பெரும்பாலும் மருத்துவமனைகளில் வேலை பார்த்த 22,744 கர்ப்பிணிகளின் பணி அட்டவணையை வாரம் வாரமாகப் பார்த்தார்கள். ஒரு வாரத்தில் இரண்டு இரவுப் பணி அல்லது அதற்கு மேல் செய்தவர்களுக்கு, எட்டாவது வாரத்துக்குப் பிறகு, அடுத்த வாரத்தில் கருச்சிதைவு ஆகும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியிருந்தது. இந்த எண்ணைத் தப்பாகப் புரிந்துகொண்டு அழுத பெண்களை எனக்குத் தெரியும். நூறு பேரில் 32 பேருக்குக் கரு கலைந்தது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அந்த வாரத்தில் எல்லோருக்கும் இருக்கும் சிறிய வாய்ப்பு, மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பெரிதானது, அவ்வளவுதான். அதே ஆண்டு வந்த இன்னொரு தொகுப்பாய்வு 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மாறி மாறி வரும் ஷிஃப்டில் வேலை செய்தவர்களுக்குக் குறைமாதப் பிரசவமும் கர்ப்பகால ரத்த அழுத்தக் கோளாறுகளும் ஓரளவு கூடியிருந்தன.

நீங்கள் செய்தது இரண்டு சுற்று, அதாவது இரண்டு இரவு, அதுவும் எட்டாவது வாரத்துக்கு முன்பு. முதல் மூன்று மாதத்தில் நிகழும் கருச்சிதைவுகளில் ஏறக்குறைய பாதி, கருவின் குரோமோசோம் கோளாறால் நடப்பவை. அவற்றை எந்த ஓய்வும் தடுத்திருக்காது, எந்த வேலையும் உண்டாக்கியிருக்காது. நடந்துபோன அந்த இரண்டு இரவுகளை நினைத்துக் குற்ற உணர்ச்சியில் தூக்கம் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் இனி வருவது எட்டாவது வாரம். மேலே சொன்ன எண் பொருந்துகிற காலம் இப்போதுதான் தொடங்குகிறது. எனவேதான் வியாழக்கிழமையைப் பற்றி அவ்வளவு கறாராக எழுதினேன்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் முதல் கர்ப்பத்தின் ஏழாவது வாரத்தில், நான் அப்போது இருந்த ஆய்வகத்தில் 48 மணி நேரச் சுற்று ஒன்றைத் தனியாக எடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் அதிகாலை நான்கு மணிக்கு ரத்தக்கசிவு தொடங்கியது. அனிமல் ஹவுஸ் வராந்தாவில் உட்கார்ந்து, அடுத்த டைம் பாயின்ட்டுக்கு அலாரம் வைத்துக்கொண்டிருந்தேன். மருத்துவமனைக்குப் போவதற்கு முன் எட்டு மணி சாம்பிளையும் எடுத்து முடித்தேன். இன்று நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. ஸ்கேனில் இதயத்துடிப்பு இருந்தது, குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. இரவு விழிப்பால்தான் கசிவு வந்தது என்று மருத்துவர் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். நான் வருந்துவது வேறு ஒன்றுக்காக. உதவி கேட்டால் நம்மைக் குறைத்து எடைபோடுவார்கள் என்று நினைத்து, கேட்காமலே இருந்துவிட்டேன்.

நீங்கள் ஆராய்கிற விஷயம் உங்களுக்கே தெரியும். மற்ற வாசகர்களுக்காக இரண்டு பத்தி எழுதுகிறேன். நம் மூளையில், கண் நரம்புகள் குறுக்கே போகும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு முடிச்சு ஒன்று இருக்கிறது. உடல் முழுவதற்கும் நேரம் சொல்வது அதுதான். கருவில் இருக்கும் குழந்தைக்கு அந்த முடிச்சு உருவாக ஏறக்குறைய 18 வாரம் ஆகும். உருவான பிறகும் அது முழுதாகப் பழகுவது பிறந்து சில மாதங்களுக்குப் பிறகுதான். அதனால்தான் பச்சைக் குழந்தைகளுக்கு இரவு பகல் தெரிவதில்லை. அதுவரை தாயின் உடலில் இரவில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன், உடல் சூடு, சாப்பிடும் நேரம் இவைதான் குழந்தைக்குக் கடிகாரம். மெலடோனின் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும். இரவில் வெள்ளை விளக்கு எரிந்தால் அது சுரப்பது குறையும்.

நச்சுப்பொருள்களுக்கும் இந்தக் கடிகாரத்துக்கும் உறவு உண்டு. நச்சை உடைக்கும் கல்லீரல் என்சைம்கள் நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை, கடிகாரத்தைப் பார்த்து ஏறி இறங்குகின்றன. டையாக்சின் போன்ற நச்சுகளை அடையாளம் காணும் ஏ.எச்.ஆர். என்ற புரதமும் கடிகாரப் புரதங்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அது கிளர்ந்தால் கடிகாரத்தின் பற்சக்கரத்திலேயே கை வைக்கும். ஆகவே ஒரே அளவு நச்சு, பகல் இரண்டு மணிக்கு உள்ளே போவதும் இரவு இரண்டு மணிக்கு உள்ளே போவதும் ஒன்றல்ல. தங்கையே, இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் காட்மியம் கொடுத்த எலியைக் கையில் பிடித்திருப்பது நீங்கள். உங்கள் ஆய்வு முன்மொழிவில் எழுதியிருக்கும் கருதுகோள் உங்களுக்கும் பொருந்தும்.

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். உங்கள் பி.ஐ.க்கும் இந்தப் பகுதி பயன்படும் என்று நினைக்கிறேன். ஆறு டைம் பாயின்ட் வேண்டும் என்றால் யாரோ ஒருவர் இரவு முழுக்க விழிக்க வேண்டும் என்பது உண்மை இல்லை. ஒளி புகாத கேபினெட் இரண்டு போதும். ஒன்றில் காலை ஆறு மணிக்கு விளக்கு எரியட்டும், மற்றொன்றில் மாலை ஆறு மணிக்கு. முதல் கேபினெட்டில் பகல் தொடங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும்போது, அதாவது காலை எட்டு மணிக்கு, இரண்டாவதில் இரவு தொடங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். எலிகளின் கணக்கில் அது 2-ம் மணியும் 14-ம் மணியும். நண்பகல் பன்னிரண்டுக்கு 6-ம் 18-ம், மாலை நான்கு மணிக்கு 10-ம் 22-ம். ஆறு புள்ளிகளும் எட்டு மணி நேரத்தில் முடிந்தன. மாலை காபிக்கு எல்லோரும் வீட்டில் இருக்கலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை, உங்கள் ஆய்வுக்கு இது உயிர்நாடி. கேபினெட்டின் ஒளி நேரத்தை மாற்றிய பிறகு, எலிகள் பழக இரண்டு வாரமாவது விடுங்கள். ஓட்டச் சக்கரப் பதிவில் அவை நிலைப்பட்டதைப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் இணை சேர்க்க வேண்டும். கர்ப்பத்தின் நடுவில் ஒளி நேரத்தை நகர்த்தினால் என்ன ஆகும் என்று 2012-இல் அமெரிக்காவில் பார்த்திருக்கிறார்கள். நேரம் மாறாத எலிகளில் 90 சதவீதம் முழுக் கர்ப்பத்தை அடைந்தன. நேரத்தைத் திரும்பத் திரும்பப் பின்னுக்குத் தள்ளியபோது 50, முன்னுக்கு இழுத்தபோது வெறும் 22 சதவீதம். அப்புறம், ஒளி அட்டவணையை மாற்றவும் புதிய ஆளைச் சேர்க்கவும் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் திருத்தம் கொடுக்க வேண்டியிருக்கும். அதை நீங்களே இன்று எழுத ஆரம்பிக்கலாம், உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலைதான்.

யார் எதைச் செய்வது என்பதிலும் தெளிவு வேண்டும். காட்மியம் நிறுப்பது, கரைசல் தயாரிப்பது, எலிகளுக்குக் கொடுப்பது, இவை உங்களுக்கு இல்லை. மருந்து கொடுத்த எலிகளின் கூண்டுத் தவிட்டை மாற்றுவதும் இல்லை. வாய்வழி கொடுத்த காட்மியத்தின் பெரும்பகுதி சாணத்தில்தான் வெளியே வருகிறது என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. ஐசோஃப்ளூரேன் மயக்கம், ஃபார்மலின், சைலீன், ட்ரைசாலும் குளோரோஃபார்மும் கலந்து ஆர்.என்.ஏ. எடுப்பது, இவையும் வேண்டாம். ஆர்.என்.ஏ. கைக்கு வந்த பிறகு ஜீன் செயல்பாட்டை அளக்கும் கியூ.பி.சி.ஆர்., தரவுப் பகுப்பாய்வு, ரிதம் பொருத்திப் பார்ப்பது, கட்டுரை எழுதுவது, இவை எல்லாம் உங்களுடையவை. இந்தத் துறையில் யோசிக்கிற வேலை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

கூண்டு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1998 ஆகஸ்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பாட்ரீஷியா ஹண்ட் என்ற விஞ்ஞானி எலிகளின் கருமுட்டைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். எந்த மருந்தும் கொடுக்காத கட்டுப்பாட்டு எலிகளில் திடீரென்று குரோமோசோம் கோளாறு ஏறியது. நூற்றுக்கு ஒன்றிரண்டாக இருந்தது 40 ஆனது. தேடிப் பார்த்தபோது, பாலிகார்பனேட் கூண்டுகளையும் தண்ணீர் பாட்டில்களையும் யாரோ தரை கழுவும் சோப்பில் கழுவியிருந்தது தெரிந்தது. பிளாஸ்டிக் அரிக்கப்பட்டு பி.பி.ஏ. கசிந்திருந்தது. 2003-இல் அது கட்டுரையாக வந்தது. உங்கள் அனிமல் ஹவுஸில் பழைய, மங்கிப்போன பாலிகார்பனேட் கூண்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் பி.பி.ஏ. பரிசோதனையின் கட்டுப்பாட்டு எலிகளே சுத்தமாக இல்லை. கண்ணாடித் தண்ணீர் பாட்டில் கேளுங்கள்.

பி.ஐ.யிடம் எப்படிச் சொல்வது? தயங்கித் தயங்கி மன்னிப்புக் கேட்கும் தொனியில் போகாதீர்கள். இப்படிச் சொல்லலாம்: "சார், நான் ஏழு வாரம் கர்ப்பமா இருக்கேன். இனிமே இரவுச் சுற்றும் காட்மியம் வேலையும் என்னால செய்ய முடியாது. அதுக்கு ஒரு மாற்றுத் திட்டம் எழுதி எடுத்துட்டு வந்திருக்கேன், பத்து நிமிஷம் பார்க்கலாமா?" கையில் அந்த இரண்டு கேபினெட் திட்டம் இருக்கட்டும். பிரச்சினையோடு தீர்வையும் கொண்டுபோனால் பேச்சு வேறு மாதிரி போகும். அன்று மாலையே, பேசியதைச் சுருக்கி ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பாதுகாப்பு அதிகாரி இருந்தால் அவருக்கும் நகல். பின்னால் யாராவது "எனக்குத் தெரியாதே" என்று சொல்ல இடம் வைக்கக் கூடாது.

ஒப்பந்தம் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. புதுப்பித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்லக்கூடும். மார்ச் வரை காத்திருந்தால் அதற்குள் எத்தனை சுற்று வரும் என்று எண்ணிப் பாருங்கள். நியமன ஆணையை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். நீங்கள் ஊழியரா, உதவித்தொகை பெறும் ஃபெலோவா என்பதைப் பொறுத்து விதி மாறும். ஊழியர் என்றால், மகப்பேறு விடுப்புச் சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்தோடு விடுப்பு உண்டு, அதில் எட்டு வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு எடுப்பது சட்டப்படி குற்றம். மத்திய அரசுத் திட்டத்தில் ஆர்.ஏ. (ரிசர்ச் அசோசியேட்) என்றால் மகப்பேறு விடுப்பு பற்றிய வரி திட்ட விதிகளிலேயே இருக்கும். நிர்வாகப் பிரிவில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

அம்மாவிடம் என்ன சொல்வது? அவர் கேட்பது உங்கள் பாதுகாப்பைத்தான். "இனிமே ராத்திரி வேலை இல்லம்மா, மருந்து தொடுற வேலையும் இல்ல" என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பயம் அங்கேயே அடங்கும். அம்மா கையால் ஏதாவது செய்ய ஆசைப்பட்டால், சின்ன மீனாகச் சமைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், மத்தி, நெத்திலி போல. சுறாவும் பெரிய சூரையும் பாதரசம் சேர்த்து வைப்பவை. பிள்ளை பெற்றவளுக்கு என்று நம் வீடுகளில் சுறாப் புட்டு செய்வது வழக்கம்தான், ஆனாலும் அதை அடிக்கடி வேண்டாம் என்று இப்போதே பேசி வைத்துவிடுங்கள். வீட்டில் யாராவது தங்கபஸ்பம், பாதரசம் கலந்த மருந்து என்று கொண்டுவந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். சூடான சாம்பாரை பிளாஸ்டிக் கவரில் கட்டி வாங்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மெலடோனின் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். இந்தத் துறையில் இருப்பதால் கை அதற்குத்தான் முதலில் போகும். தினமும் ஒரே நேரத்தில் படுங்கள், காலையில் அரை மணி நேரம் வெளிச்சத்தில் நடங்கள், ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடியுங்கள்.

கடைசியாக, இந்தத் துறையை விடலாமா என்ற கேள்வி. வேண்டாம். நீங்கள் பிறந்த ஊரிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் மதுரை இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன், வெளியுலக நேரமே தெரியாத ஒரு தனிமை அறை கட்டி, அதில் மனிதர்களைத் தங்கவைத்து உடல் கடிகாரத்தை ஆராய்ந்தார். அவரும் சகாக்களும் 1991-இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, அந்த அறையில் தங்கிய ஒரு பெண்ணைப் பற்றியது. அவருடைய தூக்கமும் விழிப்பும் 24 மணிக் கணக்கை விட்டு விலகியபோதும் மாதவிடாய்ச் சுழற்சி அதோடு இழுபட்டுப் போகவில்லை. நம் மண்ணில், ஒரு பெண்ணின் உடலை வைத்துக் கேட்கப்பட்ட கேள்வி அது. அதற்கு அடுத்த கேள்வியான கர்ப்பத்தைத்தான் நீங்கள் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நெல் வயலில் பூச்சிமருந்து அடித்த கையோடு சோறு தின்னும் பெண்ணுக்கும், நூற்பாலையில் இரவு ஷிஃப்டில் நிற்கும் பெண்ணுக்கும், ஐ.சி.யு.வில் விழித்திருக்கும் நர்ஸுக்கும் அதன் விடை தேவைப்படுகிறது. ஒரு வருடம் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை. பிரசவத்துக்குப் பிறகு இடைவெளி நீண்டுவிட்டால், ஆய்வுக்குத் திரும்பும் பெண்களுக்காகவே உயிர்த்தொழில்நுட்பத் துறையின் பயோகேர் போன்ற திட்டங்கள் இருக்கின்றன. அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள்.

இன்று மாலை லேப் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, முந்தைய இரண்டு சுற்றின் தேதி, நீங்கள் கையாண்ட பொருள், அளவு, தூளா கரைசலா, எத்தனை மணி நேரம் விழித்திருந்தீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அதைப் படியெடுத்து அடுத்த செக்கப்புக்குக் கொண்டுபோங்கள். "லேப்ல வேலை பார்க்கிறேன்" என்று பொதுவாகச் சொன்னால் மருத்துவரால் ஒன்றும் செய்ய முடியாது, அந்த ஒரு பக்கம் இருந்தால் எந்தப் பரிசோதனை தேவை என்று அவரால் சொல்ல முடியும்.

அன்புடன்,
உங்கள் அக்கா